பேருந்து நிழற்குடையில் ஒரு ரயில் நிலையப் பலகை

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் அடில்ஸ்டிராப் என்றொரு சிற்றூர் உண்டு. அந்த ஊரின் பேருந்து நிழற்குடைக்குள் ரயில் நிலையப் பெயர்ப்பலகை ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. அதன் அருகே, ஒரு காலத்தில் நடைமேடையில் கிடந்த பழைய நீள் இருக்கை. இருக்கையில் ஒரு கவிதை பொறித்த தகடு. நிலையம் 1853இல் திறக்கப்பட்டது, 1966இல் மூடப்பட்டது. கட்டடங்களை இடித்துவிட்டார்கள். இருப்புப்பாதை மட்டும் இன்றும் இருக்கிறது. அதில் நாள்தோறும் ரயில்கள் ஓடுகின்றன. எதுவும் அங்கே நிற்பதில்லை.

ஆங்கில இலக்கியம் படித்த ஆசிரியர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் புதிதாக இருக்காது. எட்வர்ட் தாமஸ் எழுதிய ‘அடில்ஸ்டிராப்’ என்ற பதினாறு வரிக் கவிதை பல தொகுப்புகளில் இடம்பெற்றது. கவிதையைப் பாடமாக நடத்துகிறோம்; அந்த நிலையம் வாழ்ந்த 113 ஆண்டுகளோ பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்போடு முடிந்துவிடுகின்றன. உயர்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறவன் என்ற முறையில், அந்த அடிக்குறிப்புதான் என்னை ஈர்த்தது. தொழிற்புரட்சி, நிறுவனங்களின் போட்டி, முதல் உலகப்போர், பொதுத்துறையின் லாப நட்டக் கணக்கு என்று நாம் தனித்தனிப் பாடங்களாக நடத்தும் எல்லாமே இந்தச் சின்ன நிலையத்தின் வழியாகக் கடந்து போயிருக்கின்றன. ஒரு பொதுச் சேவையின் பயனை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. அது இன்னும் முடிந்துபோன கேள்வி அல்ல.

ஈவன்லோடு என்ற சிறிய ஆற்றின் பள்ளத்தாக்கில், காட்ஸ்வோல்டு குன்றுகளின் ஓரத்தில் இருக்கிறது அடில்ஸ்டிராப். மஞ்சள் சுண்ணாம்புக்கல் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பெரிய பண்ணை மாளிகை. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் தம் தாயின் உறவினர் வீட்டுக்கு இங்கே வந்து தங்கியிருக்கிறார். அப்போதெல்லாம் குதிரை வண்டிப் பயணம்தான். ரயில் வந்தது அவர் இறந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து.

அந்த ரயில் எளிதாக வந்துவிடவில்லை. 1845இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வூஸ்டர் வழியாக உல்வர்ஹாம்ப்டன் வரை பாதை போட ஒரு நிறுவனம் நாடாளுமன்றத்தில் அனுமதி பெற்றது. பொறியாளர் ஐசம்பார்ட் கிங்டம் புரூனல். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயைக் கட்டியவர் அவர்தான். அகலப்பாதை வேண்டுமா குறும்பாதை வேண்டுமா என்ற சண்டை இங்கிலாந்தில் உச்சத்தில் இருந்த காலம் அது. ஏழு அடிக்குச் சற்று அதிகமான அகலப்பாதை புரூனலுடையது. மற்றவர்கள் நான்கு அடி எட்டரை அங்குலப் பாதையை விரும்பினார்கள். மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதைக்கு மாறிய காலத்தைப் பார்த்த நமக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். பாதை மாறும் இடத்தில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். இந்தப் பாதையில் இரண்டு அளவுக்கும் சேர்த்தே தண்டவாளம் போட நேர்ந்தது. செலவு கூடியது. கடைசியில், வழக்கமான ரயில்கள் அகலப்பாதையில் ஓடவே இல்லை.

1849இல் பணம் தீர்ந்து வேலை நின்றது. பின்பு தொடர்ந்தபோது, அடில்ஸ்டிராப்புக்கு வடக்கே மிக்கிள்டன் என்ற இடத்தில் குடைந்துகொண்டிருந்த சுரங்கப்பாதையில் ஒப்பந்தக்காரருக்கும் நிறுவனத்துக்கும் பணத்தகராறு மூண்டது. ஒப்பந்தக்காரர் இடத்தைவிட்டுப் போக மறுத்தார். 1851 ஜூலையில் புரூனல் பாதை போடும் கூலியாட்களைத் திரட்டிக்கொண்டு நேரில் போனார். நீதிபதிகள் வந்து, கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லும் கலகச் சட்டத்தைப் படித்தார்கள். புரூனல் திரும்பிப் போனார். பிறகு ஏறத்தாழ இரண்டாயிரம் பேரோடு வந்தார். மண்வெட்டியும் கடப்பாரையும் ஆயுதங்களாயின. தலைகள் உடைந்தன, எலும்புகள் முறிந்தன. ஒப்பந்தக்காரர் பணிந்தார். அதே கோடையில்தான் லண்டனில் கண்ணாடி மாளிகைக்குள் உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. பாடநூலில் 1851 என்றால் அந்தப் பொருட்காட்சிதான் வரும். இரண்டையும் ஒரே பாடவேளையில் சொன்னால் அந்த நூற்றாண்டு இன்னும் சரியாகப் புரியும் என்பது என் எண்ணம்.

புரூனல் 1852இல் விலகினார். அடுத்த ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஆக்ஸ்போர்டுக்கும் ஈவ்ஷாமுக்கும் இடைப்பட்ட பகுதி திறக்கப்பட்டது; அடில்ஸ்டிராப் நிலையமும் அன்றே தொடங்கியது. நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து மக்கள் அதற்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினார்கள். தமிழில் சொன்னால் ‘பழைய மோசத்துக்கு மோசம்’ என்று வரும். அந்தப் பெயருக்கு நியாயம் இருந்தது. 1858இல் டட்லிக்கு அருகே இதே நிறுவனத்தின் உல்லாசப் பயண ரயில் ஒன்றிலிருந்து கழன்ற பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதியதில் 14 பேர் இறந்தார்கள். 1860இல் நிறுவனம் வேறொன்றோடு இணைந்தது. 1863இல் கிரேட் வெஸ்டர்ன் அதை விழுங்கியது.

நிலையத்தின் பெயர் தனிக்கதை. திறந்தபோது அது ‘அடில்ஸ்டிராப் அண்ட் ஸ்டோ ரோடு’. ஸ்டோ என்பது ஐந்து கிலோமீட்டர் தொலைவில் குன்றின் மேல் இருக்கும் சந்தை நகரம். ரயில் மேலே ஏறவில்லை, பள்ளத்தாக்கோடு போய்விட்டது. ஸ்டோவுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கிச் சாலைவழி போகவேண்டும் என்பதைத்தான் ‘ரோடு’ சொன்னது. பெயரில் ‘ரோடு’ இருந்தால், ஊர் இங்கே இல்லை, ஊருக்குப் போகும் சாலை இங்கே இருக்கிறது என்று பொருள். இந்த வழக்கம் ரயில்வேயோடு நம் ஊருக்கும் வந்திருக்கிறது: கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கியவர்கள் இன்னும் எண்பது கிலோமீட்டர் மலையேற வேண்டும்.

1862 மார்ச் 1ஆம் நாள் பக்கத்துச் சந்திப்பிலிருந்து போர்ட்டன் என்ற ஊருக்குக் கிளைப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அதில் ஸ்டோவுக்கென்று தனி நிலையம் வந்தது. அன்றோடு அடில்ஸ்டிராப்பின் பெயரிலிருந்து ‘ஸ்டோ ரோடு’ நீங்கியது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் அதுவரை ‘டி’ எழுத்து இரண்டு முறை வந்தது. 1883இல் ஒன்றாகக் குறைந்தது. பெயரின் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருப்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கும்போது அவர்களுக்கு வரும் மகிழ்ச்சி தனி. ‘ஸ்டோ ரோடு’ ஏன் போயிற்று என்று கேட்டுவிட்டு, 1862ஆம் ஆண்டு வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதும். விடை வகுப்பிலிருந்தே வரும்.

இப்படிப்பட்ட ஒரு கிராம நிலையம் நாள் முழுவதும் என்ன செய்துகொண்டிருந்தது? பயணச்சீட்டு விற்றது என்று மட்டும் சொன்னால் பாதியைக்கூடச் சொன்னதாகாது. விடியற்காலையில் பண்ணைகளிலிருந்து பால் கேன்கள் வந்தன. கிரேட் வெஸ்டர்ன் பாதைகளின் கிராமத்துப் பால் லண்டனின் காலை உணவானது. நிலக்கரி வந்தது. அதற்கு முன்பு விறகை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பே மாறியது. விதை, உரம், ஆடுமாடு, பார்சல், அன்றைய செய்தித்தாள், தபால் எல்லாம் ரயிலோடு வந்தன, போயின. கிராமத்துப் பெண் நகரத்தில் வீட்டுவேலைக்குப் போனாலும், இளைஞன் படைக்குப் போனாலும், வழியனுப்பும் இடம் அந்த நடைமேடைதான். ஸ்டேஷன் மாஸ்டர் பள்ளி ஆசிரியருக்கும் பாதிரியாருக்கும் அடுத்தபடியாக ஊரில் மதிப்புள்ள மனிதர்.

நேரமும் ரயிலோடுதான் வந்தது. கணித ஆசிரியர்களுக்குப் பிடிக்கும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது; ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். அடில்ஸ்டிராப் கிரீன்விச்சுக்கு மேற்கே ஏறத்தாழ 1.65 பாகையில் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 6.6 நிமிடம். அதாவது கிரீன்விச்சில் சூரியன் உச்சிக்கு வந்து ஆறரை நிமிடம் கழித்துத்தான் அடில்ஸ்டிராப்பில் உச்சிக்கு வரும். ரயிலுக்கு முன்பு ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்துத் தன் கடிகாரத்தை வைத்துக்கொண்டது, யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் அட்டவணைப்படி ஓடும் ரயிலுக்கு அது ஒத்துவராது. கிரேட் வெஸ்டர்ன் 1840லேயே தன் பாதை முழுவதும் லண்டன் நேரத்தைக் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று சட்டம் வந்ததோ 1880இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் பல ஊர்களில் தேவாலயக் கடிகாரம் ஒன்று சொல்ல, ஸ்டேஷன் கடிகாரம் வேறொன்று சொன்னது. ரயிலைப் பிடிக்கவேண்டியவர்கள் எதை நம்பினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரியின் டாம் கோபுரத்து மணி இன்றும் இரவு 9.05க்குத்தான் 101 முறை அடிக்கிறது. அந்த ஊரின் பழைய நேரப்படி அது சரியாக ஒன்பது மணி.

இனி 1914. ஜூன் 24, புதன்கிழமை. எட்வர்ட் தாமஸ் லண்டனிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருக்கிறார். லெட்பரி நகரின் அருகே தங்கியிருந்த அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டைப் பார்க்கப் பயணம். தாமசுக்கு அப்போது வயது 36. நூல் மதிப்புரைகளும் ஊர்சுற்றி நூல்களும் எழுதிப் பிழைத்தவர். அதுவரை கவிஞராக அவரை யாருக்கும் தெரியாது. நண்பகல் கடந்த வேளையில் ரயில் அடில்ஸ்டிராப்பில் நின்றது. கண்டதையும் கேட்டதையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான்கு நாள் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆகஸ்டு 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது.

ஃப்ராஸ்டின் தூண்டுதலில் தாமஸ் அந்த டிசம்பரில்தான் கவிதை எழுதத் தொடங்கினார். 1915 ஜனவரியில் பழைய குறிப்பேட்டிலிருந்து அந்த நிறுத்தத்தை எடுத்துக் கவிதையாக்கினார். கவிதையில் நிகழ்ச்சி என்று எதுவுமே இல்லை. ரயில் நிற்கிறது. கோடை வெயில். ஆளில்லாத நடைமேடை. கண்ணில் படுவது ஊரின் பெயர் ஒன்றுதான். பிறகு ஒரு பறவையின் குரல். அதைத் தொடர்ந்து தொலைவிலிருந்து மேலும் பல. இரண்டு மாவட்டங்களின் எல்லையில் இருக்கும் ஊர் என்பதால், கவிஞரின் காது இரண்டு மாவட்டங்கள் வரைக்கும் நீள்கிறது. ‘போர்’ என்ற சொல் கவிதையில் எங்கும் இல்லை. ஆனால் எழுதியது போரின் முதல் குளிர்காலத்தில் என்று தெரிந்ததும் அந்த அமைதி வேறு பொருள் கொள்கிறது. நான் வகுப்பில் அந்தத் தேதியை முதலில் சொல்வதில்லை. கவிதையை ஒருமுறை படித்து முடித்த பிறகு சொல்வேன். இரண்டாம் முறை படிக்கும்போது பிள்ளைகளின் குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

1915 ஜூலையில், 37ஆம் வயதில், தாமஸ் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். திருமணமானவர், மூன்று குழந்தைகளின் தந்தை. கட்டாயம் ஏதும் இல்லாத நேரம். 1917 ஏப்ரல் 9ஆம் நாள், பிரான்சில் அராஸ் போரின் முதல் நாளில் கொல்லப்பட்டார். இரண்டே ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கவிதைகளை எழுதியிருந்தார். ‘அடில்ஸ்டிராப்’ கவிதை ‘நியூ ஸ்டேட்ஸ்மேன்’ இதழில் வெளிவந்தது அவர் இறந்து மூன்று வாரம் கழித்து.

இந்த இடத்தில் வரலாற்று ஆசிரியர் இலக்கிய ஆசிரியரின் கையைச் சற்றுப் பிடித்து நிறுத்த வேண்டும். கவிதையைப் படித்தவர்களின் மனத்தில் அடில்ஸ்டிராப் என்றென்றும் ஆளில்லாத நிலையம். ஆனால் அவர் பார்த்தது கோடைக்கால நண்பகலில் ஒரு நிமிடம். பால் வண்டி போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். மாலை வண்டிக்கு இன்னும் நேரம் இருந்திருக்கும். ஜூன் மாதக் கடைசி புல் அறுக்கும் காலம். ஊரார் வயலில் இருந்திருப்பார்கள். ஒரு நிமிடத்தின் சாட்சியம் அந்த நிமிடத்துக்கு உண்மை. கவிஞருக்கு அது போதும். ஆனால் அதை வைத்து அந்த நிலையம் யாருக்கும் வேண்டாதது என்று யாராவது முடிவுகட்டினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

ஏறத்தாழ அப்படித்தான் பின்னால் நடந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை வாங்கிப் பலர் சரக்குத் தொழிலில் இறங்கினார்கள். பால் கேன் பண்ணை வாசலிலேயே லாரியில் ஏறியது. கிராமங்களுக்குப் பேருந்து வந்தது. 1948இல் ரயில்வே நாட்டுடைமையானது. 1950இல் பெட்ரோல் பங்கீடு நீங்கியதும் சொந்தக் கார்கள் பெருகின. 1959இல் முதல் நீண்ட விரைவுநெடுஞ்சாலை திறக்கப்பட்டது. ரயில்வேயின் நட்டம் ஆண்டுதோறும் ஏறி, 1962இல் பத்துக் கோடி பவுண்டைத் தாண்டியது.

அரசு, டாக்டர் ரிச்சர்ட் பீச்சிங் என்பவரை ரயில்வேக்குத் தலைவராகக் கொண்டுவந்தது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அங்கே வாங்கிய 24,000 பவுண்டு ஆண்டுச் சம்பளத்தை இங்கும் கொடுத்தார்கள் என்பதே பெரிய பேச்சானது. 1963 மார்ச் 27ஆம் நாள் அவருடைய அறிக்கை வெளிவந்தது. பாதையின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் போக்குவரத்தில் 1 சதவீதத்தை மட்டுமே சுமக்கிறது. நிலையங்களில் பாதி, பயணிகள் வருவாயில் 2 சதவீதத்தை மட்டுமே தருகிறது என்றது அறிக்கை. 2,363 நிலையங்களை மூடவும், சுமார் 5,000 மைல் பாதையைக் கைவிடவும் பரிந்துரைத்தது.

பீச்சிங்கை வில்லனாகக் காட்டுவது இங்கிலாந்தில் ஒரு வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நட்டம் உண்மையானது. ஒரே ஊருக்குப் போட்டி நிறுவனங்கள் போட்ட இரட்டைப் பாதைகளும், நாளுக்கு ஐந்தாறு பேர்கூட ஏறாத நிலையங்களும் உண்மையாகவே இருந்தன. சரக்குகளைக் கொள்கலன்களில் வேகமாக அனுப்பும் திட்டம் போன்ற நல்ல யோசனைகளும் அதே அறிக்கையில் உண்டு. கேட்கவேண்டிய கேள்வி அவர் எப்படி எண்ணினார் என்பதுதான்.

பயணிகள் போக்குவரத்துக்கான கணக்கெடுப்பு, 1961 ஏப்ரல் 23ஆம் நாளோடு முடிந்த ஒரே ஒரு வாரத்தில் நடந்தது. விடுமுறைக் காலத்துக்கு முந்திய வாரம் என்பதால், கோடையில் கூட்டம் பொங்கும் கடற்கரை ஊர்கள் அந்த வாரத்தில் வெறிச்சோடித் தெரிந்தன என்று அப்போதே பலர் எதிர்த்தார்கள். சீட்டு எங்கே விற்கப்பட்டதோ அந்த நிலையத்தின் கணக்கில் வருவாய் சேர்ந்தது. நகரத்திலிருந்து கடற்கரைக்கு வந்து திரும்பும் குடும்பம் கொடுத்த பணம் நகரத்தின் பெயரில் ஏறியது; கடற்கரை நிலையத்தின் ஏட்டில் அவர்கள் இல்லை. கிளைப்பாதையை மூடினால் அதன் பயணிகள் காரில் பெரிய நிலையத்துக்கு வந்து அங்கிருந்து ரயில் ஏறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். காரை எடுத்தவர்களில் பலர் நேராக ஊருக்கே ஓட்டிப் போய்விட்டார்கள்.

மக்கள் எதிர்ப்பதற்கு வழி இருந்தது. ஆனால் அந்த வழி குறுகியது. 1962ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டப்படி, பயணிகள் ஆலோசனைக் குழு மூடுவதால் மக்களுக்கு ஏற்படும் இன்னலைப் பற்றி மட்டுமே அமைச்சருக்கு அறிக்கை தரலாம். நட்டக் கணக்கு சரியா, செலவைக் குறைத்து நடத்த முடியாதா என்ற கேள்விகள் குழுவின் வரம்புக்கு வெளியே. கணக்கைக் காரணம் காட்டி மூடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பற்றி மட்டும் பேசக் கூடாது! 1964 தேர்தலில் பெரிய அளவிலான மூடல்களை நிறுத்துவோம் என்று சொன்ன தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. மூடல்கள் தொடர்ந்தன.

அடில்ஸ்டிராப்பின் முறை 1966 ஜனவரி 3 அன்று வந்தது. அதே நாளில் அந்தப் பாதையில் பிளாக்லி, சிப்பிங் கேம்ப்டன் முதலிய நிலையங்களும் மூடப்பட்டன. ஒரு காலத்தில் ‘ஸ்டோ ரோடு’ என்ற பெயரை இதனிடமிருந்து பறித்த அந்தக் கிளைப்பாதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. ஆகவே சந்தை நகரமான ஸ்டோவுக்கு அதன் சொந்த நிலையமும் இல்லை, சாலையோர நிலையமும் இல்லை. நாடெங்கும் மூடிய பாதைகளுக்கு மாற்றாகப் பேருந்து விடப்பட்டது. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே நின்றும் போயின. ரயில் நிலையப் பலகை பேருந்து நிழற்குடையில் தொங்குவதைப் படத்தில் பார்க்கும்போது எனக்கு இந்த ஏற்பாடுதான் நினைவுக்கு வரும்.

பாதை ஏன் பிழைத்தது என்று கேட்கலாம். ஆக்ஸ்போர்டையும் வூஸ்டரையும் இணைப்பது என்பதால் அதைத் தொடர்ந்து ஓட்டினார்கள். நடுவிலிருந்த சிறு நிலையங்களை நீக்கினால் வேகம் கூடும் என்பது வாதம். 1971இல் செலவைக் குறைக்க, இந்த இரட்டைப்பாதையின் பெரும்பகுதியை ஒற்றைப்பாதையாக்கினார்கள். ஒரு ரயில் தாமதமானால் எதிர்ரயிலும் தாமதம். பயணிகள் 1978இல் ஒரு சங்கம் அமைத்து இந்தப் பாதைக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2011இல், எடுத்த இரண்டாம் தண்டவாளத்தின் ஒரு பகுதியைத் திரும்பவும் போட்டு முடித்தார்கள். எடுத்ததைத் திரும்பப் போடும் வேலை இன்னும் சில இடங்களிலும் நடக்கிறது. 1972இல் அன்றாட ரயிலை இழந்த ஓக்காம்ப்டனுக்கு 2021இல் மீண்டும் ரயில் வந்தது. 1964இல் இழந்த ஆஷிங்டனுக்கு 2024 டிசம்பரில். அடில்ஸ்டிராப் அந்தப் பட்டியலில் இல்லை. சின்ன ஊர், பக்கத்திலேயே கிங்கம் நிலையம் பிழைத்திருக்கிறது. இன்றைய கணக்கு போட்டாலும் அது திறக்கப்படாது என்றே நினைக்கிறேன்.

2014 ஜூன் 24, அந்தப் பயணத்தின் நூற்றாண்டு நாளில், ஆக்ஸ்போர்டிலிருந்து சிறப்பு ரயில் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். பழைய நிலையம் இருந்த இடத்தில் அது நின்றது. 48 ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் இடத்தில் ஒரு கவிதைக்காக ரயிலை நிறுத்துகிறார்கள். எந்தக் கணக்கேட்டில் இதை எழுதுவது?

இதை ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளுக்கு நடத்தலாம். முதல் பாடவேளையில் கவிதையும் நிலையத்தின் கதையும். இரண்டாவதில் வகுப்பை ஆலோசனைக் குழுவாக்குங்கள். பால் பண்ணைக்காரர், மருத்துவமனைக்குப் போகவேண்டிய முதியவர், பக்கத்து நகரத்தில் படிக்கும் மாணவி, கார் வைத்திருக்கும் கடைக்காரர், ரயில்வே அதிகாரி என்று ஆளுக்கொரு வேடம் கொடுக்கலாம். விதி ஒன்றுதான்: இன்னலைப் பற்றி மட்டும் பேசலாம், பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது. பத்தாவது நிமிடத்தில் யாராவது விதியை மீறுவார்கள்; அங்கிருந்துதான் உண்மையான விவாதம் தொடங்கும். கடைக்காரர் வேடத்தை வகுப்பின் நல்ல பேச்சாளருக்குக் கொடுப்பது என் வழக்கம். மூடுவதற்கான வாதமும் வலுவாக வரவேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

சென்ற ஆண்டு ரயில்வே அதிகாரியாக நடித்த மாணவன் ஏப்ரல் வாரக் கணக்கை வாசித்து முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “சார், எங்க ஊர்ல திருவிழா வாரம் பஸ்ல நிக்க எடம் இருக்காது. மத்த வாரம் டிரைவரும் கண்டக்டரும்தான். இவங்க எந்த வாரத்துல வந்து எண்ணுவாங்க?” என்று கேட்டாள். அதிகாரியிடம் பதில் இல்லை. மீதி நேரம் முழுவதும், எண்ணுவதற்கு எந்த வாரம் சரியான வாரம் என்பதைப் பற்றியே வகுப்பு பேசிக்கொண்டிருந்தது.